மூன்று முடிச்சு என்றால் மூன்றாம் முறை

வணக்கம். உங்கள் மாமனாரின் அமெரிக்கத் தரைப்படை நன்னடத்தைப் பதக்கத்தில், சிவப்பு நாடாவின் மேல் மூன்று முடிச்சுள்ள வெண்கலப் பட்டை இருப்பதால் அவர் நான்கு முறை பெற்றாரா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, மூன்று முறைதான். முதல் முறை பதக்கம் மட்டுமே, பட்டை கிடையாது. இரண்டாம் முறைக்கு இரண்டு முடிச்சு, ஐந்தாம் முறைக்கு ஐந்து. ஆறாம் முறைக்கு ஒற்றை முடிச்சுடன் வெள்ளிப் பட்டை. பதினொன்றாம் முறையிலிருந்து தங்க நிறம். நிறம் மாறினால் கணக்கும் மாறும்; எனவே பகல் வெளிச்சத்தில் முதலில் நிறத்தை உறுதிசெய்யுங்கள். தயவுசெய்து தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள்!

கடற்படைக் கணக்கு வேறு. அங்கே பட்டைக்குப் பதில் சிறு நட்சத்திரம். ஒரு வெண்கல நட்சத்திரம் இருந்தாலே இரண்டாம் முறை. தரைப்படையில் பொதுவாக மூன்று ஆண்டுக்கு ஒரு முறை வழங்குவார்கள் என்பதால், உங்கள் மாமனார் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் கறைபடாமல் பணியாற்றியிருக்கிறார். குழந்தைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.