ஜப்பான் தோழிகளுக்கு என்ன கொடுத்துவிட்டு வரலாம்?

கேள்வி: பள்ளிப் பரிமாற்றத்தில் மகள் ஜப்பான் போகிறாள். விடைபெறும் நாளில் அங்குள்ள மாணவிகளுக்குக் கொடுக்க ஆத்தங்குடித் தரைக்கல்லும் மனகோலப் பலகாரமும் வாங்கட்டுமா? – ஓர் ஆச்சி, தேவகோட்டை.

பதில்: கல் வேண்டாம் ஆச்சி. சிமெண்டில் வார்த்தது, கனம். பெட்டி விழுந்தால் மூலை பெயரும். சின்னப் பனையோலைக் கொட்டான், அதாவது கூடைதான் சரி. ஓலை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், ஈரமிருந்தால் வழியிலேயே பூஞ்சை. இறங்கியதும் தாவரச் சோதனை மேசையில் அவளே காட்டிவிடட்டும். மனகோலத்தில் தேங்காய்ச் சில்லு கிடப்பதால் சீக்கிரம் காறிவிடும். கிளம்புவதற்கு முந்தைய நாள் சுட்ட தேன்குழல் தாங்கும். ஆளுக்கொரு பொட்டலமாக ஒட்டி, என்ன மாவு, என்ன எண்ணெய் என்று சீட்டு வையுங்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருப்பார்கள். நான்காக மட்டும் கொடுக்கக் கூடாது: அந்த எண்ணின் ஓசை அங்கே சாவைக் குறிக்கும். இரண்டு கையாலும் நீட்டட்டும். வாங்கியவர் எதிரிலேயே பிரிக்காவிட்டால் வருந்த வேண்டாம், அது அவர்கள் மரியாதை.

அவர்களும் ‘ஷிகிஷி’ என்ற தடித்த அட்டையில் ஆளுக்கொரு வரி எழுதித் தரக்கூடும். ஏறக்குறைய 24க்கு 27 செ.மீ. சுருட்டினால் மடிந்துவிடும். அந்த அளவுக்கு ஒரு கெட்டிக் கோப்பு இப்போதே பையில் போட்டுவிடுங்கள்.