வாசகர் கேள்வி – பதில்: கைக்கு அடக்கமான கேமரா

கேள்வி: ஐந்தாண்டுகளுக்கு முன் ஆசை ஆசையாய் வாங்கிய டிஎஸ்எல்ஆர் கேமரா, இரண்டு லென்ஸ்களோடு பீரோவில் கிடக்கிறது. கல்யாணம், சுற்றுலா என்றால் மட்டும் வெளியே வருகிறது. மற்ற நாள்களில் செல்போன்தான். இந்த நிலையில் சிறிய கேமரா ஒன்றை வாங்குவது வீண் செலவா? – வாசகி, கும்பகோணம்

பதில்: அன்றாட வாழ்க்கையைப் படமாக்கும் ஆசை உங்களுக்கு உண்மையிலேயே இருக்குமானால், அது வீண் செலவல்ல. பீரோவில் இருக்கும் கேமராவில் குறை ஏதும் இல்லை. லென்ஸோடு சேர்த்து ஏறக்குறைய ஒரு கிலோ எடையுள்ள ஒன்றைக் காய்கறி வாங்கப் போகும்போது யாரும் தோளில் மாட்டிக்கொள்வதில்லை, அவ்வளவுதான். ரிக்கோ ஜிஆர் 3 என்ற கேமராவோ பேட்டரி, மெமரி கார்டு எல்லாம் சேர்த்தே 257 கிராம்தான்.

இது இன்று நேற்று எழுந்த தேவையும் அல்ல. ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரில், நுண்ணோக்கிகள் தயாரித்துவந்த லைட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஆஸ்கர் பார்னாக் ஆஸ்துமாவால் அவதிப்பட்டவர். கண்ணாடித் தகடுகளையும் கனமான பெட்டிக் கேமராவையும் சுமந்து நடப்பது அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. அதனால் சினிமாவுக்குப் பயன்பட்ட 35 மி.மீ. படச்சுருளைக் கொண்டு, கையில் அடங்கும் ஒரு கேமராவை முதல் உலகப் போருக்கு முன்பே அவர் செய்து பார்த்தார். அதன் வழிவந்த லைக்கா 1925இல் லைப்சிக் கண்காட்சியில் அறிமுகமானது. இன்று நாம் கையாளும் சிறிய கேமராக்கள் எல்லாவற்றுக்கும் அந்தச் சுமை தாங்காத மனிதருடைய பிடிவாதம் ஏதோ ஒரு வகையில் மூலம் என்றே நான் கருதுகிறேன்.

எடையைவிடவும் நான் பெரிதாக மதிப்பது இன்னொன்று. என் அம்மா காலை வேளையில் ஜன்னலோரம் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்குவார். பெரிய கேமராவை எடுத்த நாள்களிலெல்லாம் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, முறத்தைக் கீழே வைத்துவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். சிறிய கேமராவோடு எதிரே உட்கார்ந்தபோது அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. விரல் நுனியில் ஒட்டிய தவிட்டுத் தூசியும், ஒரு கல்லைக் கண்டதும் சற்றே சுருங்கிய கண்களும் அந்தப் படத்தில் இருக்கின்றன.

செல்போனிலும் இதைச் செய்யலாமே என்பீர்கள். செய்யலாம். ஆனால் ஜிஆர் போன்ற கேமராக்களில் உள்ள ஏபிஎஸ்-சி வகை சென்சார் (ஒளியை வாங்கிப் படமாக்கும் சில்லு) சுமார் 23.5 × 15.6 மி.மீ. அளவுள்ளது; பரப்பளவில் பெரும்பாலான செல்போன் சென்சார்களைப்போல ஐந்து மடங்குக்கும் மேல். அந்தி வெளிச்சத்திலும் சமையலறையின் மங்கலான விளக்கிலும் முகத்தின் தோல் மெழுகு பூசியதுபோல் ஆகாமல் தோலாகவே தெரிவதற்கு இந்தப் பரப்பு பெரிதும் உதவுகிறது. தவிர, படம் எடுக்கவென்று கையில் எடுத்த கருவியில் குறுஞ்செய்தி வந்து குறுக்கிடுவதில்லை.

கேள்வி: விலை அதிகமுள்ள பல சிறிய கேமராக்களில் ஜூம் வசதியே இல்லையே, ஏன்? – வாசகர், திருநெல்வேலி

பதில்: பெரிய சென்சாருக்கு ஜூம் லென்ஸ் வைத்தால் லென்ஸும் பெருத்துவிடும், பிறகு கேமரா சட்டைப் பைக்குள் நுழையாது. அதனால்தான் ஃபியூஜி எக்ஸ்100 வரிசையில் 35 மி.மீ. பார்வைக்கோணமும், ஜிஆர் 3இல் 28 மி.மீ., ஜிஆர் 3எக்ஸில் 40 மி.மீ. பார்வைக்கோணமும் நிலையாக அமைந்துள்ளன. இந்த எண் குறையக் குறைய, சட்டகத்தில் அடங்கும் காட்சி அகலமாகும். வீட்டு மனிதர்களை எடுப்பதற்கு 40 மி.மீ.யும், தெருவுக்கு 28 மி.மீ.யும் ஏற்றவை என்பது என் அனுபவம்.

ஒரே லென்ஸோடு சில மாதங்கள் பழகினால், எங்கே நின்றால் சட்டகத்துக்குள் என்ன அடங்கும் என்பது கேமராவைக் கண்ணருகே கொண்டுபோகும் முன்பே தெரிந்துவிடும். 28 மி.மீ. கேமராவில் லென்ஸில் ஒளி நுழையும் துளையை எஃப் 8 என்ற சிறிய அளவிலும், ஃபோகஸ் தூரத்தை 2 மீட்டரிலும் முன்கூட்டியே வைத்துவிட்டால், ஏறக்குறைய ஒரு மீட்டருக்கு அப்பால் உள்ளவை பெரும்பாலும் தெளிவாகவே விழும். ஃபோகஸுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஓடிவரும் குழந்தையை எடுக்க இதைவிட நம்பகமான வழியை நான் அறியேன்.

கேள்வி: வீட்டில் சுமார் இருபது ஆண்டுகள் பழைய டிஜிட்டல் கேமரா ஒன்று உள்ளது. அதில் தொடங்கலாமா? – கல்லூரி மாணவி, மதுரை

பதில்: தாராளமாகத் தொடங்குங்கள். முதலில் பேட்டரியை வெளியே எடுத்துப் பாருங்கள். உப்பியிருந்தால் அதை சார்ஜ் செய்யவே கூடாது, மாற்றிவிடுங்கள். கேமரா எஸ்டி வகை மெமரி கார்டு போடக்கூடியதாக இருந்தாலும், அந்தக் காலத்துக் கேமராக்கள் பல 2 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகளை ஏற்பதில்லை. புதிய 32 ஜிபி கார்டைப் போட்டுவிட்டு, கேமரா கெட்டுவிட்டது என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2 ஜிபி கார்டு ஒன்றைத் தேடிப் போட்டுப் பாருங்கள்.