எல்லாரும் ‘சூப்பர்’ என்றார்கள், ஆர்டர் மட்டும் வரவில்லை

கேள்வி: ஈரோட்டில் மளிகைக் கடை நடத்துகிறோம். வீட்டுக்கே பொருள் அனுப்ப ஒரு ஆப் செய்து, கடைக்கு வந்த நாற்பது பேரிடம் காட்டினோம். எல்லாரும் ‘சூப்பர்’ என்றார்கள். மூன்று மாதமாகியும் ஆர்டர் இல்லை. 500 பேரிடம் சர்வே எடுத்துத் தர ஒரு நிறுவனம் ஒன்றரை லட்சம் கேட்கிறது. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். உங்கள் கடையில் நின்று, உங்கள் முகத்தைப் பார்த்து ‘நன்றாக இல்லை’ என்று யார் சொல்வார்கள்? கல்யாணப் பந்தியில் ‘சாப்பாடு எப்படி?’ என்று கேட்டால் வருகிற பதில்தான் அது. பெங்களூரில் 450 பேரைப் பேட்டி கண்டு 2012இல் வெளியான ஆய்வு இதை அளந்தே காட்டியது. ஒரே மாதிரியான இரண்டு தயாரிப்புகளைக் காட்டி, ‘இது நான் செய்தது’ என்று கேட்பவர் சொன்னால், அதையே பிடித்திருக்கிறது என்று சொல்லும் வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்கு. கேட்பவர் மொழிபெயர்ப்பாளரோடு வந்த வெளிநாட்டவர் என்றால் ஐந்து மடங்கு.

500 பேரிடம் கேட்டால் அதே உபசார வார்த்தை 500 தடவை வரும். அதுவும் உண்மையிலேயே கேட்டால்தான். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரே கையெழுத்தில் நிரப்பிய படிவக் கட்டுகளை நானே பார்த்திருக்கிறேன். அறிக்கை தடிமனாக இருந்தால்தான் பில் பாஸ் ஆகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. இருபது வருடமாக இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

சரி, என்ன செய்யலாம்? ஐந்து வாடிக்கையாளர் வீட்டுக்குப் போங்கள். ‘அரைக் கிலோ துவரம்பருப்பு ஆர்டர் போடுங்கள்’ என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர்கள் கட்டைவிரலைப் பாருங்கள். உதவி செய்யாதீர்கள். ஒரு முறை ஒரு அம்மா முகவரிக் கட்டத்தில் ‘மாரியம்மன் கோயில் எதிர் வீடு’ என்று போட்டார். கதவு எண் கேட்டு சிவப்பு எழுத்து வந்தது. மறுபடி அதையே போட்டார், மறுபடி சிவப்பு. போனைப் பேரனிடம் நீட்டிவிட்டு, ‘நல்லாத்தான் இருக்கு தம்பி’ என்றார். எந்த சர்வேயிலும் அந்தச் சிவப்பு எழுத்து வராது.

ஐந்து பேர் போதுமா என்று கேட்பீர்கள். ஐந்து பேரிலேயே சுமார் 85 சதவீதக் குறைகள் தெரிந்துவிடும் என்று, இணையதளங்களும் ஆப்களும் பயன்படுத்த எளிதா என்று ஆராயும் நிபுணர் யாக்கோப் நீல்சன் 2000இல் கணக்குப் போட்டுக் காட்டினார். ஆனால் இதைக் கவனியுங்கள்: ஐந்து பேரும் ஒரே வகையாக இருக்க வேண்டும். வீட்டுக்கு வாங்கும் அம்மாக்கள் வேறு, மூட்டைக் கணக்கில் வாங்கும் மெஸ்காரர்கள் வேறு. இரண்டு வகையினரையும் கலந்து ஐந்து என்று எண்ணாதீர்கள். அப்போது ஒவ்வொரு வகையிலும் தனித்தனியாக மூன்று நான்கு பேரைப் பாருங்கள். மெஸ்காரருக்கு முகவரி ஒரு பிரச்சினையே இல்லை, கடன் கணக்கு எங்கே என்று தேடுவார். கலந்துவிட்டால் இரண்டுமே கண்ணில் படாது.

முதல் வீட்டுக்கே ஆப் செய்தவரையும் கூட்டிப் போங்கள். ‘அங்கே இல்லைங்க, மேலே அமுக்குங்க’ என்று வாய் திறக்கக் கூடாது என்பதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.