ஹட்டன்ல இருந்து ஹைவே வரைக்கும் - கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

ஹட்டன் பக்கம் 19 வருஷமா வேன் ஹயர் ஓட்டுறேன். பாதி ட்ரிப் எயார்போட்டுக்கு, மிச்சம் கல்யாணம், கதிர்காமம், சாவு வீடு. லீவு நெருங்குதுல்ல, கேள்வி குவிஞ்சு போச்சு, கெடைச்ச நேரத்துல பதில் போடுறேன்.

டிக்கோயா தம்பி: அண்ணே, மொத தடவையா சொந்த வேகன் ஆர்ல குடும்பத்தோட கொழும்பு போறேன், ஓட்டோ கியர். கினிகத்தேனை எறக்கத்துல பிரேக்க புடிச்சிட்டே போனா சரிதானே?

சரியில்ல தம்பி. ஓட்டோ கியர்னாலும் லீவர்ல 'எல்' இல்லாட்டி 'எஸ்' இருக்கும், சில ஹைபிரிட்டுல 'பீ' இருக்கும், எறக்கம் தொடங்க முந்தியே அதுல போட்டுருங்க, இஞ்சினே வண்டிய புடிச்சுக்கும். பிரேக்க அப்பப்ப நல்லா அமுக்கி வேகத்த கொறச்சிட்டு கால எடுத்துரணும், லேசா வச்சுக்கிட்டே போனாத்தான் சூடேறும்.

நான் பட்ட கதை ஒண்ணு. தொழிலுக்கு வந்த புதுசு, பழைய வேன், ஆளு நெறைய. கித்துல்கலைக்கு எறங்கையில ரப்பர் கருகுன மாதிரி ஒரு நாத்தம், முன்னுக்குப் போற லொறின்னு நெனச்சேன். ரெண்டு பென்ட் தாண்டி பிரேக்க மிதிச்சா பெடல் பஞ்சு மாதிரி அடி வரைக்கும் போகுது. மூணு, ரெண்டு, ஒண்ணுன்னு கியர கொறச்சு, ஹேன்ட்பிரேக்க கொஞ்சம் கொஞ்சமா இழுத்து, எடது பக்கத்து காண்ல டயர எறக்கித்தான் நிப்பாட்டினேன். வீல்ல இருந்து பொகை. ஒரு ஐயா தண்ணி போத்தல தூக்கிட்டு ஓடி வந்தாரு, ஊத்த விடல, சூடான டிஸ்க்ல பச்சத்தண்ணி பட்டா வெடிச்சாலும் வெடிக்கும். அரை மணி நேரம் சும்மா ஒக்காந்திருந்தோம். பொறவு கராஜ்ல பார்த்தா பிரேக் ஒயில் கறுப்பா இருந்துச்சு. அது காத்துல உள்ள ஈரத்த குடிக்கும், ஈரம் சேர்ந்தா சூட்டுல கொதிச்சு குமிழி வரும், அதான் பெடல் அப்பிடி போச்சு. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்திருங்க.

கொட்டகலை: எறக்கத்துல நியூட்ரல் போட்டா பெட்ரோல் மிச்சம்னு மாமா சொல்றாரு.

மாமாவோட பழைய காருக்கு சரியா இருந்திருக்கலாம். இப்ப உள்ள இன்ஜெக்ஷன் வண்டி கியர்ல எறங்கையில பெட்ரோல தானே நிப்பாட்டிரும், நியூட்ரல்லதான் குடிக்கும். இஞ்சின ஓஃப் பண்ணிட்டு எறங்குற ஆளுங்களும் இருக்காங்க, அது சுத்த பைத்தியக்காரத்தனம், ரெண்டு மூணு மிதியில பிரேக் கல்லாயிரும், ஸ்டீயரிங்கும் லேசுல திரும்பாது.

நானுஓயா தங்கச்சி: ரதல்ல குறுக்கு ரோட்டுல எறங்கலாமா? கூகுள் அதத்தான் காட்டுது.

கூகுளுக்கு தூரம்தாம்மா தெரியும். 2023 ஜனவரியில பஸ்ஸும் வேனும் ஆட்டோவும் மோதி 7 பேர் செத்த ரோடு அது. நான் வேன் நெறைய ஆளோட அதுல எறங்குறதில்ல, தலவாக்கலை மெயின் ரோட்டுலயே போங்க, கொஞ்ச நேரம் கூட எடுக்கும், அவ்வளவுதான்.

பண்டாரவளை: மிஸ்ட்ல ஹை பீம் போடலாமா?

கூடாது, வெளிச்சம் திரும்பி ஒங்க கண்ணுக்கே அடிக்கும். டிம்ல போட்டு எடது பக்க வெள்ளக் கோட்ட பார்த்துட்டே போங்க. ஓடிட்டு இருக்கையில ஹஸார்ட் (நாலு சிக்னலும் ஒண்ணா மின்னுறது) போடாதீங்க, நீங்க எந்தப் பக்கம் திருப்புறீங்கன்னு பின்னால வாறவனுக்கு தெரியாது. கண்ணாடில உள்பக்கம் ஆவி படிஞ்சு மறைச்சா ஏசி போடுங்க, குளிருதுன்னு பார்க்காதீங்க.

மஸ்கெலியா அக்கா: சவூதியில இருந்து தங்கச்சி விடிய 4 மணிக்கு வாறா. வீட்டுக்காரருதான் ஓட்டுறாரு, ஹைவேல போனதே இல்ல. பயமா இருக்கு.

ரோடு லேசுதான் அக்கா. அவிசாவளை, ஹங்வெல்ல, கடுவெல வந்து ஏறுனா கெரவலப்பிட்டிய வழியா கட்டுநாயக்க வரைக்கும் ஹைவேயேதான். கூடிப்போனா மணிக்கு 100 கிலோமீட்டர். ஆனா நம்ம மலைநாட்டு ஆளுங்களுக்கு அங்கதான் சிக்கல். இங்க 30ல பென்ட் பென்டா திருப்பி பழகுன கண்ணுக்கு 100 வேகமாவே தெரியாது, முன்னுக்கு போற வண்டிக்கு பின்னால ஒட்டிக்கிட்டே போவோம். 100ல ஒரு செக்கன்ல 28 மீட்டர் ஓடிரும், ஒரு லயத்து (தோட்டத்து வீட்டு வரிசை) நீளம் கண்ண மூடித் திறக்க முந்தி போயிரும். முன்னுக்கு போறவன் ஒரு போர்ட தாண்டுனதும் ஆயிரத்தொண்ணு, ஆயிரத்து ரெண்டு, ஆயிரத்து மூணுன்னு எண்ணச் சொல்லுங்க, அதுக்கு பொறவுதான் நீங்க அந்த போர்டுக்கு வரணும். மழைன்னா இன்னும் கூட விடணும். வெளிய போற எடம் தவறிப்போனா ரிவர்ஸ் எடுக்கவே கூடாது, அடுத்த எடத்துல எறங்கி திரும்பி வரலாம், காசுதான் கூட. வண்டி நின்னுட்டா எடது ஓரத்துல விட்டுட்டு எல்லாரும் எறங்கி கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் போய் நின்னுட்டு ஹைவே அவசர நம்பர் 1969க்கு அடிங்க, உள்ள ஒக்காந்து இருக்காதீங்க. டயருக்கு காத்து வீட்டுலேருந்து கெளம்பையில, சூடாக முந்தியே பாருங்க.

எனக்கு பயம் திரும்பி வாறதுலதான். ராவெல்லாம் முழிச்சவரு, தங்கச்சிய கண்டுட்டோம்ங்கிற சந்தோஷம் அடங்குனதும், அவிசாவளை தாண்டி வெயில் மூஞ்சில பட, தூக்கம் வரும் பாருங்க, அது சொல்லிட்டு வராது. கொட்டாவி விடுறாரு, கோட்டு மேல ஏறுறாருன்னா பேச்சு குடுக்குறது, பாட்டு போடுறது, ஜன்னல தொறக்குறது ஒண்ணும் வேலைக்கு ஆகாது. பெட்ரோல் செட்ல வெளிச்சமா நிப்பாட்டி ஒரு பிளேன்டி குடிச்சிட்டு 20 நிமிஷம் சீட்ட சாய்ச்சு படுக்கச் சொல்லுங்க. நான் யட்டியந்தோட்டைக்கு முந்தி கட்டாயம் படுப்பேன், ஹயர் காரங்க மொணங்குவாங்க, மொணங்கட்டும்.

ஹப்புத்தளை: மழைல போறதா இல்லையா?

2025 நவம்பர் டித்வா புயலுக்குப் பொறவு கேக்குறீங்களே. கடும் மழைன்னா போகாதீங்க. போற வழியில மேட்டுலேருந்து செங்காவித் தண்ணி வந்தா, சின்னச் சின்ன கல்லு உருண்டு கெடந்தா மண்சரிவு வரலாம்னு அர்த்தம், அங்க நிப்பாட்டி போட்டோ எடுக்காம தாண்டிருங்க, இல்ல வந்த வழியே திரும்பிருங்க.

வட்டவளை தம்பி: பின்னால பஸ் ஹோர்ன் அடிச்சே கொல்றான், என்ன செய்ய?

எடம் கெடச்சதும் ஓரமா ஒதுங்கி விட்டுருங்க. ஹயர் வந்திருக்கு, மிச்ச கேள்விக்கு ராவைக்கு வாறேன்.