சாரலில் காயாத மை

கேள்வி: லினோ அச்சுப் படங்கள் (லினோலியம் தகட்டில் செதுக்கி, மை தடவித் தாளில் எடுப்பவை) செய்து, செங்கோட்டை ரயில் நிலையத்தில் கொல்லம் பக்கம் போகிறவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கிறேன். மெல்லிய கோடுகள் அடைத்துப்போகின்றன; மையும் கையில் ஒட்டுகிறது. என் படத்தை யாரும் அச்சிடலாம் என்று எப்படி எழுதுவது? – வாசகி, செங்கோட்டை

பதில்: கோடு அடைவதற்குக் காரணம் பெரும்பாலும் மிகுதியான மைதான். கண்ணாடித் தகட்டில் பட்டாணி அளவு மையைப் பரப்பி, உருளையை ஓட்டிக் கேளுங்கள். மெல்லிய சரசரப்பு வந்தால் சரி. சளசளவென்று ஒட்டினால் கொஞ்சம் வழித்தெடுங்கள். கட்டையில் ஒரே தடவையாக அப்பாமல், மூன்று நான்கு மெல்லிய பூச்சாக ஏற்றுங்கள். 120 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 120 கிராம்) தாளை மேலே வைத்து மர அகப்பையின் முதுகால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேயுங்கள்.

எண்ணெய் மை காற்றிலுள்ள ஆக்சிஜனால்தான் இறுகும். ஆனி, ஆடிச் சாரலில் அது இன்னும் தாமதமாகும். அடுக்கி வைக்காமல் கொடியில் கிளிப் போட்டு, ஒரு வாரமாவது மின்விசிறிக் காற்றில் விடுங்கள். அவசரத்துக்குச் சாதாரண நீர் சார்ந்த மை வேண்டாம்; ஈரக்கை பட்டாலே கலையும்.

தமிழானாலும் மலையாளமானாலும் எழுத்தைக் கண்ணாடிப் பிம்பமாகச் செதுக்குங்கள்.

பின்புறம் உங்கள் பெயரோடு 'கிரியேட்டிவ் காமன்ஸ் பை 4.0' (CC BY 4.0) என்ற பொது உரிமத்தின் பெயரை எழுதுங்கள். பெயரைச் சொல்லி யாரும் அச்சிடலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். கொடுத்த உரிமையைத் திரும்பப் பெற முடியாது. காலண்டர் படத்தைப் பார்த்து வரைந்ததற்கு மட்டும் இதை எழுதாதீர்கள். அந்த உரிமை உங்களிடம் இல்லை.