மெதுவாகத் தூக்கியும் பந்து வலப்பக்கமே ஓடுகிறதே?

அண்ணா நகர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “வயது 51. எட்டு மாதமாக கோல்ஃப் பழகுகிறேன். டிரைவரில் (தூரமாக அடிக்கிற நீள மட்டை) அடித்தால் பந்து வலப்பக்கம் வளைந்து போய்விடுகிறது. ‘மெதுவா, மெதுவா’ என்கிறார் கோச். மட்டையை மெதுவாகத் தூக்கினால் இன்னும் மோசம். இப்போது அவரே ஒரு புது டிரைவர் சகாய விலைக்கு வாங்கித் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?”

வாங்காதீர்கள். சொல்லிக்கொடுப்பவரே விற்பவராகவும் ஆகிவிட்டால், உங்கள் தப்பெல்லாம் மட்டையின் தப்பாகிவிடும். பாதி விலைக்கு வரும் பெரிய பிராண்ட் டிரைவர்களில் போலிகளும் கலந்திருக்கின்றன. பெட்டி, ஸ்டிக்கர் எல்லாம் அசல் மாதிரியே இருக்கும். இந்த ஊரில் கையில் ஒரு மட்டை இருந்தால் யார் வேண்டுமானாலும் கோச். ‘நேஷனல் கோல்ஃப் அகாடமி ஆஃப் இந்தியா’ பயிற்சியாளர்களுக்குச் சான்றிதழ் தருகிறது. இருபது வகுப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன் அதைக் கேட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. கேட்க வேண்டிய கிளப்காரர்களும் கேட்பதில்லை. என்னத்தைச் சொல்ல!

சரி, உங்கள் ஸ்விங்குக்கு, அதாவது மட்டையைச் சுழற்றும் விதத்துக்கு வருவோம். டெம்போ என்றால் (நம் ஊர் சரக்கு வண்டியைச் சொல்லவில்லை) மெதுவாக அடிப்பது அல்ல. மேலே போகும் நேரத்துக்கும் கீழே வரும் நேரத்துக்கும் உள்ள விகிதம். பெரிய ஆட்டக்காரர்களில் எர்னி எல்ஸ் நிதானமாகச் சுழற்றுவார், நிக் பிரைஸ் படபடவென்று அடித்துவிடுவார். ஆனாலும் நல்ல ஆட்டக்காரர்களின் வீடியோவை ஃபிரேம் ஃபிரேமாக எண்ணினால், பெரும்பாலும் மேலே மூன்று பங்கு, கீழே ஒரு பங்கு என்றுதான் வரும். நீங்கள் மெதுவாகத் தூக்கிவிட்டு, உச்சியில் பொறுமை இழந்து தோளால் இழுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்போது மட்டை வெளியிலிருந்து உள்ளே வெட்டிக்கொண்டு வரும், அதன் முகம் மூடாமல் நிற்கும். பந்து வலப்பக்கம் ஓடாமல் என்ன செய்யும்?

நண்பர் ஒருவரை போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். ஒரு வினாடிக்கு 30 ஃபிரேம் போதும். மட்டை அசையத் தொடங்கியதிலிருந்து உச்சி வரை 24, உச்சியிலிருந்து பந்து வரை 8 வந்தால் நல்லது. மேலே 36, கீழே 8 வந்தால் உங்கள் நோய் அதுதான்.

மருந்து ‘தகதிமி’. ‘த’வில் மட்டையை எடுங்கள், ‘மி’யில் உச்சி, அடுத்த ‘த’வில் பந்து. ஒரு வினாடிக்கு மூன்றரை, நான்கு எழுத்து ஓடுகிற வேகம். கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு 7 அயர்னில் (டிரைவரைவிடக் குட்டையான இரும்பு மட்டை) பாதி ஸ்விங்காகத் தொடங்குங்கள். தோளால் இழுத்தால் தடுமாறிவிடுவீர்கள், அதுவே வாத்தியார். இரண்டு வாரத்துக்கு டிரைவரைப் பையிலிருந்து எடுக்க வேண்டாம்.

அப்புறம் பிடி. மே மாதத்தில் நந்தனம் கோல்ஃப் மைதானத்தில் காலை ஏழரைக்கே கையுறை நனைந்துவிடும். வழுக்குமோ என்ற பயத்தில் இறுக்கிப் பிடிப்போம், முன்கை கட்டையாகிவிடும், எந்தத் தாளமும் நிற்காது. இரண்டு கையுறையும் ஒரு துண்டும் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுங்கள்.

ஒன்றே ஒன்று. தாளத்துக்காக போனில் மெட்ரோனோம் வைத்துப் பழகுவீர்கள். பழகும்போது தாராளமாக. ஆனால் போட்டிச் சுற்றில் கூடாது, கோல்ஃப் விதி 4.3 தடுக்கிறது. ஸ்விங் தாளத்துக்காக இயர்ஃபோனில் பாட்டு கேட்டாலும் அதே கதைதான். மொத்த அடிகளை எண்ணுகிற ஸ்ட்ரோக் ஆட்டத்தில் முதல் தடவை இரண்டு ஸ்ட்ரோக் தண்டனை, மறுபடி செய்தால் வெளியேற்றம். எனக்குத் தெரிந்த ஒருவர் கிளப் போட்டியில் நன்றாக ஆடிக்கொண்டிருந்தார். காதில் இருந்ததை எடுக்க மறந்துவிட்டார். கூட ஆடியவர் மூன்றாவது ஹோலில் பார்த்தும் வாயைத் திறக்காமல், முடிந்ததும் கமிட்டியிடம் போய்ச் சொன்னார். மனதுக்குள் ‘தகதிமி’ சொல்லிக்கொள்ளலாம், முணுமுணுக்கவும் செய்யலாம், அதற்குத் தடை இல்லை. கருவிக்குத்தான் தடை.

பட்டிங்குக்கு (குழிக்குள் பந்தை உருட்டிவிடுவது) இந்தக் கணக்கைக் கொண்டுபோகாதீர்கள், அங்கே இரண்டுக்கு ஒன்று. ஒரு மாதம் கழித்து மறுபடி வீடியோ எடுங்கள். ஃபிரேம் கணக்கு சரியாக வந்தும் பந்து வளைந்தால், உங்களுக்கு எதையும் விற்காத ஒருவரிடம் பிடியைக் காட்டுங்கள்.