டைகர் நட் மாவில் பான்கேக் உடைவது ஏன்?

அன்புள்ள அக்கா,

என் பத்து வயது மகளுக்கு, கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உடம்புக்கு ஆகாத சீலியாக் நோய் என்று இந்த வருடம்தான் தெரிந்தது. கோதுமையையும் மைதாவையும் அடியோடு நிறுத்திவிட்டோம். அவள் ஆசைப்பட்டுக் கேட்பது பான்கேக். டைகர் நட் மாவு வாங்கி, மைதாவுக்குப் போடும் அதே அளவில் கரைத்து ஊற்றினேன். திருப்பும்போது உடைகிறது. வெளியே கருகி உள்ளே வேகாமல் இருக்கிறது. மென்றால் நறநறக்கிறது. மூன்று முறை செய்தும் இதே கதிதான். அவளுடைய தோழிக்குப் பாதாம், முந்திரி ஒவ்வாது. பெயரிலேயே 'நட்' இருப்பதால் அவளுக்கு இதைக் கொடுக்கலாமா என்ற பயமும் இருக்கிறது.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

தோழியின் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். டைகர் நட் கொட்டை வகையே இல்லை. கோரை இனத்துச் செடி ஒன்றின் வேரில் விளையும் சின்னக் கிழங்கு அது. அதனால் பாதாம், முந்திரி ஒவ்வாதவர்களும் பொதுவாகச் சாப்பிடலாம். ஆனால் அதே இயந்திரத்தில் கொட்டைகளையும் அரைத்திருக்கக்கூடும். பையில் எழுதியிருப்பதைப் படியுங்கள், அந்தக் குழந்தையின் அம்மாவிடமும் கேட்டுவிடுங்கள். உங்கள் மகளுக்காகவும் பையைப் பார்க்க வேண்டும்: 'குளூட்டன் இல்லாதது' என்று தெளிவாகப் போட்டிருக்கும் மாவுதான் வேண்டும்.

சரி, பான்கேக்குக்கு வருவோம். உங்கள் கைப்பக்குவத்தில் எந்தக் குறையும் இல்லை. மைதாவின் அளவை இந்த மாவுக்கு அப்படியே போட்டதுதான் சிக்கல். மைதாவில் குளூட்டன் வலைபோலப் பின்னிப் பிடித்துக்கொள்ளும். இதில் அது கிடையாது, வேறு ஏதாவது பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு கப் மாவுக்கு இரண்டு முட்டையும் கால் கப் மரவள்ளி ஸ்டார்ச்சும் சேருங்கள். முட்டை வேண்டாமென்றால் நன்றாகக் கனிந்த வாழைப்பழம் ஒன்றை மசித்துப் போடலாம். அப்போது பான்கேக் கொஞ்சம் கனமாக இருக்கும், இன்னும் சிறிதாக ஊற்ற வேண்டும்.

கருகுவதற்குக் காரணம் கிழங்கிலேயே இருக்கும் சர்க்கரை. மைதா பொன்னிறமாகும் சூட்டில் இது கறுத்துவிடும். அதனால் சர்க்கரையே போடாதீர்கள், மாவின் இனிப்பே போதும். தீயையும் நன்றாகக் குறைத்துவிடுங்கள். கிழங்கில் கொழுப்பும் நிறைய உண்டு, கல்லில் லேசாக வெண்ணெய் தடவினால் போதும்.

நறநறப்பு நார்ச்சத்தால் வருவது. கண் சிறிதான சல்லடையில் சலித்துவிட்டு, முட்டையும் அரை கப் பாலும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துக் கரைத்து, இருபது நிமிடம் சும்மா விடுங்கள். நார் ஈரத்தைக் குடித்துக் குடித்துத்தான் மெதுவாகும். இந்த இருபது நிமிடத்தைத் தவிர்த்தால் மற்றதெல்லாம் வீண் என்பதே என் அனுபவம். ஊறியபின் மாவு இறுகியிருந்தால் இன்னும் கொஞ்சம் பால் விடலாம். பேக்கிங் பவுடரை ஒரு டீஸ்பூன், ஊற்றுவதற்குச் சற்று முன்னால்தான் போட வேண்டும். முன்பே போட்டால் அதன் வேகம் ஊறும்போதே பாதி போய்விடும்.

அப்புறம், உள்ளங்கை அளவுக்குமேல் ஊற்றாதீர்கள். மேலே குமிழ் வருகிறதா என்று காத்திருக்கவும் வேண்டாம், இந்த மாவில் அது சரியாக வராது. ஓரம் காய்ந்து, மேல்பக்கப் பளபளப்பு மங்கியதும் திருப்பியை முழுதாக அடியில் நுழைத்து ஒரே வீச்சில் திருப்புங்கள். அப்படியும் உடைந்தால் மீதி மாவில் இன்னொரு ஸ்பூன் ஸ்டார்ச் கலந்து அடுத்ததை ஊற்றிப் பாருங்கள்.

கோதுமை இல்லாவிட்டால் பலகாரமே இல்லை என்று உங்கள் மகள் நினைத்துவிடக் கூடாது. எகிப்தில் ரெக்மிரே என்ற அமைச்சரின் கல்லறைச் சுவரில், இந்தக் கிழங்கை இடித்து மாவாக்கிப் பலகாரம் செய்வதை வரைந்திருக்கிறார்கள். கி.மு. 15ஆம் நூற்றாண்டின் ஓவியம் அது. அவளுக்கு இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே சுடுங்கள்.

கொழுப்புள்ள மாவு சீக்கிரம் சிக்கு வாடை அடித்துவிடும், காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். முதல் நாள் இரண்டு பான்கேக்குக்கு மேல் அவளுக்குக் கொடுக்க வேண்டாம். இவ்வளவு நாருக்குப் பழகாத வயிறு உப்பிக்கொள்ளும்.

அன்புடன்,
அக்கா